வீட்டைப் புதுப்பிக்கும் முன்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாழ்நாளெல்லாம் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தவருக்குச் சிமெண்டைப் பற்றியும் செங்கல்லைப் பற்றியும் என்ன தெரியும் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் நம் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்விகளுள் இது ஒன்று: ஊரில் இருக்கும் பழைய வீட்டை எப்படிப் புதுப்பிப்பது? யாரை நம்பி அந்த வேலையை ஒப்படைப்பது? ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் வீட்டு வேலைகளை அருகிலிருந்து பார்த்தும், பொறியாளர்களிடமும் கொத்தனார்களிடமும் கேட்டும் அறிந்துகொண்டவற்றையே இங்கே தொகுத்துச் சொல்ல முற்படுகிறேன்.

வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் பரவியிருக்கும் நம் ஊர்களை எண்ணிப் பாருங்கள். திண்ணை, முற்றம், தாழ்வாரம், கூடம் என்று அமைந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றில் முதியோர் மட்டுமே வாழ்கின்றனர். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கின்றனர். மழைக்காலத்தில் கூடத்தில் பாத்திரம் வைக்கும் நிலை வந்த பிறகே, “இந்த வருடம் வீட்டைச் சரிசெய்துவிடலாம்” என்ற பேச்சு எழுகிறது. அதற்குச் செலவாகப் போவது பெரும்பாலும் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகை. மீண்டும் ஈட்ட இயலாத பணம் அது. அந்த வீட்டில் வாழப்போகிறவர்களோ வழுக்கி விழுந்தால் எளிதில் எழ முடியாத வயதினர். ஆகவே இந்த வேலையில் நேரும் பிழையைப் பணக் கணக்கோடு முடிந்துபோவதாகக் கருத முடியாது.

நம்பகமான ஒப்பந்தக்காரர் எங்கோ ஆயத்தமாக இருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்துவிட்டால் மற்றவை தாமே நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். நான் கண்டவரையில் நம்பகத்தின் பாதி அவருடைய குணத்திலும் திறமையிலும் இருக்கிறது. மறுபாதி நம்மிடம் இருக்கிறது. என்ன வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே எழுதிவைப்பதிலும், நடந்த வேலையை அளந்து பார்ப்பதிலும், சொன்ன நாளில் பணம் கொடுப்பதிலும் அது உருவாகிறது. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியரின் இலக்கணத்தைச் சொன்னதோடு நின்றுவிடவில்லை; மாணாக்கரின் இலக்கணத்தையும் வகுத்தார். ஆசிரியராகத் தகாதவர் யார், மாணாக்கராகத் தகாதவர் யார் என்பதையும் கூறினார். கல்வி இருபுறத் தகுதியால் அமைவது என்பதை அறிந்தவர் அவர். வீட்டு வேலையும் அத்தகையதே. ஒப்பந்தக்காரரின் இலக்கணத்தோடு வீட்டுக்காரரின் இலக்கணத்தையும் சேர்த்தே நாம் பேச வேண்டும்.

முதலில், ஆள் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியவை.

பூர்விக வீடாயின் அது யாருக்கெல்லாம் உரியது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களாகிய நமக்கும் பொருந்தும். 2005ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை உண்டு. அண்ணன் செலவுசெய்து வீட்டைப் புதுப்பித்த பின்னர், “என் பங்கு என்ன?” என்று தம்பியோ தங்கையோ கேட்டால் அது குற்றமாகாது. கேட்கும் நிலையை உண்டாக்கியதுதான் குறை. உடன்பிறந்தோர் அனைவரும் கூடி, யார் எவ்வளவு தருகிறார், பிற்காலத்தில் பாகம் பிரிக்கும்போது அந்தச் செலவு எவ்வாறு கணக்கில் கொள்ளப்படும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நன்று. வீடு நன்றாகி உறவு பழுதாகுமானால் அந்தப் புதுப்பித்தலால் யாருக்கு என்ன பயன்?

அடுத்து, வீட்டின் நோயை அறிய வேண்டும். சுவரில் பூச்சு உதிர்கிறது என்றால் புதிய பூச்சுப் பூசுவதுதான் மருந்து என்று எண்ணிவிடுகிறோம். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. தரையிலிருந்து மேலேறும் ஓதம் சுவரின் அடிப்பகுதியில் இரண்டு மூன்றடி உயரத்திற்குக் கறையாகத் தெரியும். மேல்தளத்திலிருந்து இறங்கும் கசிவு கூரையை ஒட்டிய இடங்களில் தெரியும். குளியலறைக் குழாயின் கசிவு அதன் பின்புறச் சுவரில் புலப்படும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூலத்தை அடைக்காமல் மேலே வண்ணம் பூசினால் அடுத்த கார்காலத்தில் அதே இடத்தில் மீண்டும் கொப்புளம் எழும்.

நம் பழைய வீடுகளுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. அவற்றின் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சைப் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும், உப்புப் பூக்கும், நாளடைவில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். அந்த வேலை அறிந்த கொத்தனார்கள் இன்று குறைவு என்பது உண்மைதான். ஆயினும் தேடினால் கிடைப்பர். “சுண்ணாம்பு வேலை செய்திருக்கிறீர்களா? எங்கே?” என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மேல்தளமும் அத்தகையதே. மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வாக அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளமிட்டு, தட்டோடு பதித்த தளம் மெட்ராஸ் டெரஸ் எனப்படும். அது ஒழுகும்போது, “மேலே நான்கங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம்” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். நூறு சதுர அடிப் பரப்பில் நான்கங்குலக் கனத்திற்குக் கான்கிரீட் இட்டால் அதன் எடை ஏறக்குறைய இரண்டேகால் டன் ஆகும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை மாடியில் வைத்தால், நிறைந்த நிலையில் தண்ணீரின் எடை மட்டுமே ஒரு டன். அந்தச் சுமையைப் பல்லாண்டு பழமையான மரக்கட்டைகள் தாங்குமா என்பதை யார் சொல்வது? கட்டையின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். கரையானும் இற்றுப்போதலும் முதலில் அங்கேதான் தொடங்கும். வெளியே தெரியும் நடுப்பகுதியைப் பார்த்து உறுதி என்று முடிவுசெய்யலாகாது.

ஆகையால் தகுதிபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து வீட்டை முழுதும் காட்டுங்கள். அவர் ஒப்பந்தக்காரராக இல்லாதிருப்பது நல்லது. வேலை தமக்கு வரும் என்ற எதிர்பார்ப்பு இல்லாதவரே உள்ளதை உள்ளபடி சொல்ல முடியும். அவருக்குத் தரும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதியே. ஒரு சுவரை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்க விரும்பினால் அவர் பார்வை இன்றியமையாதது. தூண்களால் எழுப்பிய புதிய வீடுகளில் சில சுவர்கள் வெறும் தடுப்புகளே. பழைய வீடுகளிலோ சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. புதிதாக அறையோ மாடியோ எடுப்பதாயின் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் வேண்டும். என்னென்ன தாள்கள் தேவை என்பதையும் அந்தப் பொறியாளரிடமே கேட்டறியலாம்.

மூன்றாவதாக, பட்டியல் எழுத வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்திற்கு ஓர் அறை என்று ஒதுக்கி, அந்த அறையில் செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். பிறகு அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: வீடு நிற்பதற்கும் உயிர் காப்பதற்கும் உரியவை, அன்றாட வாழ்வுக்கு உதவுபவை, கண்ணுக்கு அழகானவை. மேல்தளக் கசிவு, இற்ற கட்டை, பழைய மின்கம்பி ஆகியவை முதல் வகை. பணம் போதவில்லையென்றால் கடைசி வகையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். நடைமுறையில் பலர் தலைகீழாகச் செய்கின்றனர். பளபளக்கும் தரையோடும் மரவேலைப்பாடும் முடிந்த பிறகு மின்கம்பி மாற்றக் காசில்லாமல் நிற்கின்றனர்.

மின்சார வேலையில் சிக்கனம் பாராட்ட வேண்டாம். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குகளுக்கு 2.5, வெந்நீர்க் கருவிக்கும் குளிர்சாதனத்திற்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி என்பது பொதுவழக்கு. நல்ல எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியும் கட்டாயம் இருக்க வேண்டும். ஈரக்கையால் சுவிட்சைத் தொடும் முதியோரின் உயிரைக் காப்பது அந்தச் சிறு கருவிதான்.

முதியோரின் குளியலறையையும் கழிப்பறையையும் முதல் வகையிலேயே சேருங்கள். சக்கர நாற்காலி நுழையும்படி மூன்றடி அகல வாசல், தடுக்கி விழ இடந்தராத சமமான நுழைவிடம், சொரசொரப்பான தரையோடு, சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி ஆகியவை இன்று தேவையில்லை என்று தோன்றலாம். தேவைப்படும் நாளில் அவற்றைச் செய்துகொண்டிருக்க நேரம் இராது. அந்தி சாய்வதற்குள் உணவை முடித்துக்கொள்ளும் நம் இல்லங்களில் மாலை வெளிச்சம் சமையலறைக்குள் வருவது எவ்வளவு உதவி என்பதை வீட்டுப் பெண்கள் அறிவர். ஆகவே சமையலறைச் சன்னல் எங்கே இருக்க வேண்டும் என்பதை அங்கே நின்று சமைப்பவரிடம் கேட்டு எழுதுங்கள்.

இனி ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

மூன்று பேரிடமாவது மதிப்பீடு கேளுங்கள். மூவரிடமும் ஒரே பட்டியலைக் கொடுங்கள். பட்டியல் இல்லாமல் வாய்மொழியாகச் சொன்னால் மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்வர்; அவற்றை ஒப்பிட இயலாது. புதிய வீடு கட்டுவதற்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். பழைய வீட்டைப் புதுப்பிக்க அம்முறை பொருந்தாது. இடித்தல், தளம் சீரமைத்தல், பூச்சு, மின்சாரம், குழாய், தரை, வண்ணம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவும் விலையும் கேட்பதே முறை.

அளவை நாமே போட்டுப் பார்ப்பது கடினமன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்று கொள்வோம். தரை 120 சதுர அடி. நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. கூரையின் அடிப்பகுதி 120 சதுர அடி. ஆக, வண்ணம் பூச வேண்டிய பரப்பு 560 சதுர அடி. மூன்றடிக்கு ஏழடிக் கதவும் நான்கடிக்கு நான்கடிச் சன்னலும் இருந்தால் 37 சதுர அடி குறையும். அதைக் கழிப்பாரா, மாட்டாரா என்று முதலிலேயே கேட்க வேண்டும். “அறை 120 சதுர அடிதானே!” என்று நினைத்திருந்தவர் இறுதிக் கணக்கில் திகைத்துச் சண்டையிடுவதும், ஏமாற்றிவிட்டதாகக் குற்றஞ்சாட்டுவதும் நான் பலமுறை கண்ட காட்சிகள். பலவேளைகளில் அங்கே ஏமாற்று எதுவும் இராது. முன்பே பேசாததுதான் வினை.

மதிப்பீட்டில் விலைக்கு அப்பால் பார்க்க வேண்டியவை உண்டு. எந்த வகைச் சிமெண்ட், எந்த நிறுவனக் கம்பி, தரையோட்டின் விலை சதுர அடிக்கு எவ்வளவு வரை, பிரைமர் ஒரு கை, வண்ணம் இரண்டு கையா, இடிபாடுகளை அகற்றும் செலவு யாருடையது, சாரம் கட்டும் கூலி அதில் அடங்குமா, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பன எழுத்தில் இருக்க வேண்டும். மற்ற இருவரைவிட மிகக் குறைவாக ஒருவர் சொன்னால் மகிழ்ந்துவிடாமல், எதை விட்டுவிட்டுச் சொன்னார் என்று தேடுங்கள். விட்டுப்போனது பின்னர்க் கூடுதல் வேலை என்ற பெயரில் திரும்பி வரும்.

ஒருவரின் நேர்மையை அவர் பேச்சைக் கொண்டு அறிய முடியாது. அவர் செய்த வேலைகளைச் சென்று பாருங்கள். முடித்து இரண்டு மூன்று மழைக்காலம் கடந்த வீடு ஒன்றையும், இப்போது வேலை நடக்கும் வீடு ஒன்றையும் காட்டச் சொல்லுங்கள். பழைய வீட்டுக்காரரிடம், “அவர் நல்லவரா?” என்று கேட்டால், “நல்லவர்தான்” என்றே பதில் வரும். அதனால் பயனில்லை. “சொன்ன தொகைக்கு மேல் எவ்வளவு ஆனது? ஏன் ஆனது? வேலை முடிந்த பிறகு குறை என்று கூப்பிட்டபோது வந்தாரா?” என்று கேளுங்கள். வேலை நடக்கும் இடத்திலோ, சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே கிடைக்கிறதா என்று சித்தாளிடம் மெல்ல விசாரியுங்கள். ஊரிலுள்ள சிமெண்டுக் கடையில் அவருக்கு நெடுநாள் பாக்கி உண்டா என்று கேட்டறியுங்கள். கூலிப் பாக்கியும் கடைப் பாக்கியும் வைத்திருப்பவர் நாம் கொடுக்கும் முன்பணத்தில் பழைய வீட்டின் கணக்கை முடிப்பார். நம் வேலை பாதியில் நிற்கும். ஒரே நேரத்தில் எத்தனை வேலை எடுத்திருக்கிறார், நம் வீட்டில் அன்றாடம் நின்று மேற்பார்வையிடப் போகிறவர் யார் என்பதும் கேட்க வேண்டியவையே.

இங்கே ஒரு நுட்பமான இடத்தைச் சொல்லியாக வேண்டும். நம் சமூகம் சிறியது. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் நாம். “நம்மவர்தானே, மாமன் முறை வேண்டுமே, அவரிடம் போய் எழுத்தில் கேட்பதா?” என்று கூச்சப்படுகிறோம். உறவினரிடமும் நண்பரிடமும்தான் இன்னும் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அயலாரிடம் கணக்குப் பிழைத்தால் இழப்பது பணம் மட்டுமே. உறவினரிடம் பிழைத்தால் திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் முகம் பார்க்க முடியாமல் போகிறது. எழுத்தை ஐயத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது. இருவர் நினைவும் மாறுபடும்போது நடுநின்று சொல்லும் துலாக்கோல் அது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்? வேலைப் பட்டியல், பொருள்களின் தரம், தொடங்கும் நாள், முடிக்கும் நாள், பணம் தரும் தவணைகள், கூடுதல் வேலை வந்தால் விலையை முன்பே எழுதிக் கையெழுத்திட்ட பிறகே தொடங்குவது என்னும் விதி, முடித்த பின் எத்தனை காலம் குறைகளைத் தம் செலவில் திருத்தித் தருவார் என்பது ஆகியவை போதும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தவணைக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மொத்தம் ஆறு லட்சம் ரூபாய் என்று கொள்வோம். தொடங்கும்போது 60,000; இடித்தலும் மேல்தளச் சீரமைப்பும் முடிந்ததும் 1,50,000; மின்சாரமும் குழாய் வேலையும் முடிந்ததும் 1,20,000; பூச்சும் தரையும் முடிந்ததும் 1,50,000; வண்ணம் பூசி வீட்டை ஒப்படைக்கும்போது 90,000; ஒரு மழைக்காலம் கடந்து கசிவில்லை என்று உறுதியான பின் 30,000. இப்படி வகுத்தால் எந்த நாளிலும் நடந்த வேலையைவிட நாம் கொடுத்த பணம் பெரிதும் மிஞ்சியிராது. அவரும் தம் கைப்பணத்தைப் போட்டுத் தவிக்க மாட்டார். “திங்கட்கிழமை தருகிறேன்”, “அடுத்த மாதம் தருகிறேன்” என்று காலக்கணக்கில் சொல்லாமல், முடிந்த வேலையின் கணக்கில் தவணையைக் கட்டுவதே இதன் உயிர். இதைத் தவிர, பேசிய தொகையில் ஆறில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கை யாரிடமும் சொல்லாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பூச்சைத் தட்டிய பிறகுதான் உள்ளே இருக்கும் பழுது தெரியும். அது எவராலும் முன்கூட்டிக் கூற இயலாதது.

வேலை நடக்கும் காலத்தைப் பற்றியும் சில சொற்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்தளத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கலாகாது. தை பிறந்ததும் தொடங்கிச் சித்திரைக்குள் கூரை வேலையை முடித்துவிடுவது நம் வட்டாரத்திற்குப் பொருத்தம். கோடையில் கிணற்றில் நீர் வற்றும் ஊர்கள் நீராற்றுவதற்கு வேண்டிய தண்ணீரை முன்பே திட்டமிட வேண்டும். சாதாரணச் சிமெண்டால் இட்ட கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாள்களும், கலப்புச் சிமெண்டால் இட்டதைப் பத்து நாள்களும் ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநெறி கூறுகிறது. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை ஏழு நாள்களுக்கு முன்பும், ஆறு மீட்டர் வரை நீளமுள்ள உத்திரத்தின் முட்டுகளைப் பதினான்கு நாள்களுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. “இன்னொரு வீட்டுக்குப் பலகை வேண்டும்” என்று அவசரப்படுத்தினால் இணங்காதீர்கள். குளியலறைத் தரையில் ஓடு பதிக்கும் முன் வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுதும் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். அப்போது கண்டுபிடிக்கும் கசிவுக்குச் செலவு குறைவு. பதித்த பின் கண்டால் எல்லாவற்றையும் பெயர்க்க நேரும். மூடப்போகும் குழாய்களையும் கம்பிகளையும் சுவர்வாரியாகக் கைப்பேசியில் படம் எடுத்துவைப்பதும் பிற்காலத்தில் பேருதவியாகும்.

ஓட்டுக்கூரையைப் பிரிக்கும் வீடுகளில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓடுகளுக்கு அடியில் குருவிக் கூடும் அணில் கூடும் இருக்கும். வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே பார்த்து, குஞ்சுகள் பறக்கும் வரை அந்தப் பகுதியை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னால் பெரும்பாலான மேஸ்திரிகள் மறுக்க மாட்டார்கள். கரையான் வந்த பின் மருந்தடித்துக் கொல்வதைவிட, வராமல் தடுப்பது நம் நெறிக்கும் உகந்தது, கணக்குக்கும் உகந்தது. மரம் மண்ணைத் தொடாதபடி கல்லின்மேல் நிறுத்துவதும், சுவரோரம் நீர் தேங்காமல் வடியச் செய்வதும், காற்றோட்டம் அமைப்பதும், வெட்டிய மரத்துண்டுகளை வீட்டைச் சுற்றிப் போட்டுவைக்காமல் அகற்றுவதும் அதற்கான வழிகள். தேக்கிய நீரில் கொசுப் புழு உண்டாகாதபடி ஈரச்சாக்கு விரித்தும் நீராற்றலாம்.

இனி வீட்டுக்காரரின் இலக்கணம். ஒரு வீட்டில் கட்டளையிடும் குரல் ஒன்றாக இருக்க வேண்டும். பாட்டனார் ஒன்று சொல்ல, சென்னையிலிருந்து மகன் தொலைபேசியில் வேறொன்று சொல்ல, விடுமுறைக்கு வந்த மருமகள் மூன்றாவதாக ஒன்று சொன்னால் மேஸ்திரி யார் சொல்லைக் கேட்பார்? குடும்பத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். அவரிடம் ஒருவரே சொல்லுங்கள். எழுதிய பட்டியலை நடுவழியில் மாற்றினால் அதற்குரிய செலவை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். “போகிற போக்கில் இதையும் செய்துவிடு” என்று கூலியில்லா வேலை கேட்காதீர்கள். அந்தக் கூலி வேறு எங்கேனும் சிமெண்டுக் கலவையில் குறைந்து ஈடாகும். தவணை நாள் வந்தால் கேட்குமுன் கொடுங்கள். உரிய நாளில் பணம் தரும் வீட்டுக்கு நல்ல வேலையாளைத் தேடி அனுப்புவார் எந்த ஒப்பந்தக்காரரும்.

வேலையாள்களின் பாதுகாப்பும் நம் பொறுப்பே. சாரம் உறுதியாகக் கட்டப்பட்டதா, இடிக்கும் சுவரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று நாமும் பார்க்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடைத்தால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. உடைக்காமல் நனைத்துக் கழற்றச் சொல்லுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவுபெற்ற தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் குடும்பத்திற்கு உதவித்தொகை உண்டு. தம் ஆள்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். அதைக் கேட்டவுடன் தெளிவாகப் பதில் சொல்பவர் மற்றவற்றிலும் ஒழுங்குடையவராக இருப்பார். குடிநீர், நிழல், கழிப்பறை ஆகியவற்றை அவர்களுக்கு ஒதுக்கித் தருவது நம் கடமை. நம் வீட்டை எழுப்பும் பெண் தொழிலாளி ஒதுங்க இடமின்றித் தவித்தால் அந்த வீட்டுக்கு அது அழகாகாது.

எல்லாம் செய்தும் பிணக்கு வந்தால்? முதலில் குறையைப் படத்தோடும் அளவோடும் எழுதிக் கொடுத்து, திருத்த ஒரு நாள் குறியுங்கள். கோபமான பேச்சைவிட அமைதியான கடிதத்திற்கு வலிமை மிகுதி. அதற்கும் இணங்காவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் சேவையாகவே கொள்ளப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழிகேட்கலாம். அங்கே நமக்குத் துணைநிற்பவை கையெழுத்திட்ட ஒப்பந்தமும், வங்கி வழியாகப் பணம் கொடுத்த சான்றும், எடுத்துவைத்த படங்களுமே.

அன்பர்களே, இங்கே கூடியிருக்கும் குடும்பங்களில் எத்தனையோ நல்ல மேஸ்திரிகளின் பெயர்கள் தெரிந்திருக்கும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் எந்த ஊரில் இருக்கிறார், பழைய மரவேலை தெரிந்த தச்சர் யார் என்பது ஒருவருக்குத் தெரியும். பக்கத்து ஊரில் தேடித் திண்டாடுபவருக்குத் தெரியாது. ஊர்தோறும் ஒருவர் முன்வந்து அத்தகையோர் பெயரையும், அவர் செய்த வேலையைப் பார்க்கக்கூடிய வீட்டையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த தலைமுறை நம் வீடுகளை இடித்துவிட்டுப் போகாமல் காத்துக்கொள்ள அது உதவும். அதற்கு நிதி வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பொறுமையும் போதும். இன்று மாலை ஊர் திரும்புமுன் அந்த நோட்டின் முதல் பக்கத்தை யாரேனும் தொடங்குவீர்களானால் இந்த உரை பயனுடையதாகும்.